குலக் கணிதத்தில் ஆறாவது வரி



மைசூர் ஜகன்மோகன அரண்மனைக்குச் செல்வோர் பெரும்பாலும் ரவிவர்மாவின் ஓவியங்களை நாடியே செல்கின்றனர். அவ்வரண்மனையின் சுவர்களில் வேறொரு செல்வமும் தீட்டப்பெற்றிருக்கிறது. அவை ஆட்டப் பலகைகளின் ஓவியங்கள். அவற்றின் பின்னே நிற்பவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். 1794-இல் பிறந்து 1868-இல் மறைந்த இம்மன்னர், 1831-இல் நாட்டின் நிருவாகம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின்னர்த் தம் காலத்தையும் கருத்தையும் நூல்களிலும் கலைகளிலும் செலுத்தினார். ஆட்டங்களிடத்து அவருக்கு இருந்த பற்று அளவிறந்தது. மாயச் சதுரங்களை அமைப்பதிலும், சதுரங்கக் குதிரையைப் பலகை முழுவதும் சுற்றிவரச் செய்யும் வழிகளைக் காண்பதிலும் அவர் பெரிதும் ஈடுபட்டார்.

குதிரைச் சுற்று என்பது யாது? குதிரையை ஏதேனும் ஒரு கட்டத்தில் நிறுத்துங்கள். அதற்குரிய கோணல் நடையிலேயே அது செல்ல வேண்டும். அறுபத்து நான்கு கட்டங்களையும் மிதிக்க வேண்டும். ஒரு கட்டத்தையும் இரண்டாம் முறை மிதித்தல் கூடாது. இவ்வளவே விதி. சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. செய்து பார்த்தவர்களே அதன் அருமையை அறிவர்.

மன்னர் அமைத்தது போன்ற சுற்று ஒன்றை ஒரு கண்ணாடித் தாளில் கோடுகளாக வரைந்துகொண்டதாக எண்ணுங்கள். நம் நாட்டுப் பழைய சதுரங்கப் பலகையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இல்லை. எல்லாக் கட்டமும் ஒரே நிறம். ஆகவே எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பலகை பலகையாகவே இருக்கும். தாளைக் கால் சுற்றுத் திருப்பி அப்பலகையின்மேல் வையுங்கள். புதியதொரு சுற்றுப் போலத் தோன்றும். அரைச் சுற்றும், முக்காற் சுற்றும் திருப்பலாம். திருப்பாமலும் விடலாம். இவை நான்கு. இனித் தாளைப் புரட்டுங்கள். இடவலமாகப் புரட்டலாம், மேல்கீழாகப் புரட்டலாம், இரண்டு மூலைவிட்டங்களில் எதனையேனும் அச்சாகக் கொண்டும் புரட்டலாம். இவை நான்கு. ஆக மொத்தம் எட்டுச் செயல்கள். சதுரத்தைச் சதுரமாகவே விட்டுவைக்கும் செயல்கள் இவ்வெட்டுத்தாம், ஒன்பதாவது இல்லை.

இவ்வெட்டுச் செயல்களுக்கும் தமக்குள் ஓர் உறவு உண்டு. எவையேனும் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால், விளைவு இவ்வெட்டனுள் ஒன்றாகவே முடியும். எந்தச் செயலைச் செய்தாலும், அதனை மாற்றிப் பழைய நிலைக்குக் கொணரும் செயலும் இவற்றுள்ளேயே இருக்கும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் கால் சுற்றுத் திருப்பிப் பின்னர் இடவலமாகப் புரட்டுவதும், முதலில் இடவலமாகப் புரட்டிப் பின்னர்க் கால் சுற்றுத் திருப்புவதும் ஒரே நிலையில் முடியா. வீட்டில் ஒரு சதுரக் காகிதத்தின் மூலைகளில் எண்ணிட்டுச் செய்து பாருங்கள், உண்மை விளங்கும்.

இவ்வாறு தமக்குள் இயைந்து, தம்மைத் தாண்டிச் செல்லாத செயல்களின் கூட்டத்தையே கணித நூலார் குலம் என்கின்றனர். உறுப்புகள் எண்ணி முடியக்கூடியனவாயின் அது முடிவுறு குலம். குலம் என்ற சொல்லைக் கேட்டதும் பிறப்பையும் மரபையும் நினைத்துவிட வேண்டா. இங்கே ஒவ்வோர் உறுப்பும் ஒரு செயல். செயல்கள் ஒன்றோடொன்று எவ்வாறு சேர்கின்றன என்பதே இக்கணிதத்தின் பொருள்.

இக்கருத்தை முதன்முதலில் ஆழமாகக் கண்டவர் எவாரிஸ்த் கால்வா என்ற பிரெஞ்சு இளைஞர். 1832-இல், தம் இருபதாம் வயதில், துப்பாக்கிச் சண்டை ஒன்றில் பட்ட காயத்தால் அவர் மறைந்தார். ஐந்தாம் படிச் சமன்பாடுகளைத் தீர்க்கப் பொதுச் சூத்திரம் ஏன் இல்லை என்ற வினாவுக்கு, அச்சமன்பாடுகளின் மூலங்களை இடம் மாற்றும் செயல்களின் குலத்தை ஆராய்ந்தே அவர் விடை கண்டார். அவருக்குப் பின்னர்ப் படிகங்களின் அமைப்பிலிருந்து அணுத்துகள்களின் இயல்பு வரை, சமச்சீர் என்பது எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் குலக் கணிதம் நுழைந்தது.

இக்கணிதத்தில் தம் வாழ்நாளை ஈடுபடுத்திய தமிழ்நாட்டுப் பெண்மணி ஒருவரைப் பற்றியே இன்று பேச எண்ணினேன். அவர் பெயர் பாமா ஸ்ரீநிவாசன். 1935-இல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1954-இல் இளங்கலைப் பட்டமும், அடுத்த ஆண்டு முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் அலெக்சாந்தர் கிரீன் என்பவரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். அவர் செய்த பணியின் அருமையை உணர வேண்டுமாயின், முதலில் அட்டவணை ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும்.

ஒரு பொருளை நேரே காண இயலாதபோது அதன் நிழல்களைக் கொண்டு அதனை அறிகிறோம். ஒரு பக்கத்து விளக்கில் ஒரு நிழல்; மறு பக்கத்து விளக்கில் வேறொரு நிழல். எல்லா நிழல்களையும் சேர்த்துப் பார்த்தால் பொருளின் வடிவம் புலனாகும். குலத்திற்கும் இத்தகைய நிழல்கள் உண்டு. குலத்தின் ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எண்ணையோ, எண்களை நிரல் நிரையாக அடுக்கிய அணி ஒன்றையோ கொடுக்கிறோம். செயல்கள் சேர்வது போலவே இவ்வணிகளும் பெருக்கலில் சேர வேண்டும். நம் பலகையின் நான்கு திருப்பல்களுக்கும் 1 என்ற எண்ணையும், நான்கு புரட்டல்களுக்கும் −1 என்ற எண்ணையும் கொடுங்கள். இரு முறை புரட்டினால் திருப்பிய நிலையே வரும் என்ற உண்மை, −1-ஐ −1-ஆல் பெருக்கினால் 1 வரும் என்ற வாய்பாட்டில் அப்படியே தெரிகிறது. இஃது ஒரு நிழல்.

அணி பெரிதாகும்போது அதன் எண்களையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. அதன் மூலைவிட்டத்திலுள்ள எண்களின் கூட்டுத்தொகை ஒன்றே போதும். அதனை ஆங்கிலத்தில் காரக்டர் என்பர். நாம் பண்பெண் என்போம். 1896-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் பிரோபேனியஸ் இதன் கொள்கையை வகுத்தார். மேலும் பிளக்கவியலாத நிழல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாக எழுதினால் ஓர் அட்டவணை கிடைக்கும். நம் சதுரத்தின் குலத்திற்கு அவ்வட்டவணை ஐந்தே வரிகள் கொண்டது. நான்கு வரிகளுக்கு அளவு ஒன்று. ஐந்தாவது வரிக்கு அளவு இரண்டு. இவ்வளவுகளைத் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, நான்கு, ஆக எட்டு. குலத்தின் உறுப்புகளும் எட்டு! இது தற்செயல் இல்லை. எந்த முடிவுறு குலத்திற்கும் இக்கணக்குச் சரியாகவே வரும். கணக்குப் பிள்ளை ஐந்தொகையைச் சரிபார்ப்பது போல, அட்டவணை அமைப்பவரும் இதனைக் கொண்டு தம் வேலையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து வரி அட்டவணையை ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடலாம். ஆனால் ஆராய்ச்சியாளர் முன் நின்ற குலங்கள் அத்துணைச் சிறியன அல்ல. எண்களுள் பகா எண்கள் எவ்வாறோ, அவ்வாறே குலங்களுள் எளிய குலங்கள் எனச் சில உண்டு. அவற்றை மேலும் சிறிய குலங்களாகப் பகுக்க இயலாது. அவை அனைத்தையும் வகைப்படுத்தும் பெருமுயற்சி இருபதாம் நூற்றாண்டில் நடந்தது. பலருடைய உழைப்பால் பல்லாயிரம் பக்கங்களாக விரிந்த அதன் நிறுவல் 1980-களின் தொடக்கத்தில் முடிந்ததாக அறிவிக்கப்பெற்றது. அதிலிருந்த இடைவெளி ஒன்று 2004-இல்தான் நிரப்பப்பெற்றது. அதன்படி எந்த வரிசையிலும் சேராது தனித்து நிற்கும் எளிய குலங்கள் 26 மட்டுமே. ஏனையவை முடிவில்லாத குடும்பங்களாக அமைகின்றன. அக்குடும்பங்களுள் மிகப் பெரும்பாலானவை, முடிவுறு களங்களின் மீது அமைந்த அணிகளாலான குலங்கள்.

முடிவுறு களம் என்பதும் அஞ்சத்தக்க பொருளன்று. கிழமைகள் ஏழுதாம். வெள்ளிக்குப் பின் மூன்றாம் நாள் எது என்றால், எட்டாவது கிழமை ஒன்றைத் தேடாமல் திங்கள் என்கிறோம். அவ்வாறே 0, 1, 2 என்ற மூன்று எண்களே உள்ளன என்று கொண்டு, இரண்டும் இரண்டும் சேர்ந்தால் ஒன்று எனக் கணக்கிடலாம். இது மூன்று எண்களின் களம். ஐந்து, ஏழு எனப் பகா எண்களின் அளவிலும், ஒன்பது போன்ற அவற்றின் அடுக்குகளின் அளவிலும் இத்தகைய களங்கள் உண்டு. இக்களத்து எண்களை நிரப்பி அமைக்கும் அணிகள் எண்ணி முடியக்கூடியவை. ஆயினும் எண்ணிக்கை விரைந்து பெருகும்.

பாமா ஸ்ரீநிவாசனின் ஆசிரியர் கிரீன், இவ்வணிக் குலங்களுள் தலைமையான பொது நேரியல் குலங்கள் அனைத்திற்கும் பண்பெண்களைக் காணும் முறையை 1955-இல் வெளியிட்டார். அது பெருஞ்சாதனை. அவர் கண்ட அமைப்பு மிகவும் ஒழுங்கானது. ஒவ்வொரு பெரிய அணிக்குலத்தினுள்ளும் எலும்புக்கூடு போல ஒரு சிறு குலம் உறைகிறது. ஹெர்மன் வைல் என்ற அறிஞரின் பெயரால் அதனை வைல் குலம் என்பர். பெரிய குலத்தின் பண்பெண்களுள் அடிப்படையான ஒரு குழு உண்டு. கிரீன் ஆராய்ந்த குலங்களில், அக்குழுவின் வரிகளும் வைல் குலத்தின் வரிகளும் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்தின. எலும்புக்கூட்டில் எத்தனை வரிகளோ, உடலின் அக்குழுவிலும் அத்தனை வரிகள். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

மான்செஸ்டரில் டாக்டர் பட்டம் பெற்ற பின்னர்ப் பாமா ஸ்ரீநிவாசன் இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் கற்பித்தார். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆராய்ந்தார். 1966-இல் சென்னைக்குத் திரும்பி இராமானுஜன் கணித நிலையத்தில் பணியேற்றார். வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1950-களின் தொடக்கத்தில் தோன்றி, விஜயராகவனை முதல் இயக்குநராகப் பெற்று, பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்த நிலையம் அது. அங்கே அவர் 1970 வரை இருந்தார்.

அக்காலத்தில், 1968-இல், அவருடைய கட்டுரை ஒன்று அமெரிக்கக் கணிதக் கழகத்தின் ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. நான்கு பரிமாணச் சிம்ப்ளெக்டிக் குலத்தின் பண்பெண் அட்டவணை அது. சிம்ப்ளெக்டிக் குலம் என்பது, நான்கு ஆயங்களை இரண்டிரண்டாக இணைத்துப் பெறும் ஒருவகைப் பரப்பளவு மாறாதவாறு அமைந்த அணிகளின் குலம். இது கிரீனின் பொது நேரியல் குலங்களுக்கு அப்பாற்பட்டது. மூன்று எண்களின் களத்தின்மேல் அமைத்தால் இதன் உறுப்புகள் 51,840. ஐந்து எண்களின் களத்தின்மேல் அமைத்தால் 93,60,000. முதலாவதற்கு மட்டுமே அட்டவணை 34 வரியும் 34 நிரலும் கொண்டது; அதாவது 1,156 இடங்கள். அவர் நிரப்பியது இந்த ஓர் அட்டவணையை மட்டுமன்று. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என ஒற்றைப்படை அளவு கொண்ட எல்லாக் களங்களுக்கும் ஒருங்கே பொருந்தும் பொது அட்டவணையை அவர் அமைத்தார். சிறிய உட்குலங்களின் பண்பெண்களை உயர்த்தி, கூட்டியும் கழித்தும், பிளக்கவியலாத வரிகளைப் பிரித்தெடுத்து அமைக்க வேண்டிய வேலை அது. பிழை ஒன்று புகுந்தால் அட்டவணை முழுவதும் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி இப்பேச்சின் முதன்மையான செய்திக்கு வருகிறேன். இந்தச் சிம்ப்ளெக்டிக் குலத்தினுள் எலும்புக்கூடாக உறையும் வைல் குலம் எது? தொடக்கத்தில் நாம் கண்ட சதுரத்தின் குலமே. மைசூர் மன்னரின் ஆட்டப் பலகையைத் திருப்பியும் புரட்டியும் பெற்ற அந்த எட்டுச் செயல்களின் குலமே அது. அதற்கு ஐந்து வரிகள் என்று கண்டோம். ஆகவே கிரீனின் ஒழுங்கின்படி, பெரிய குலத்தின் அடிப்படைக் குழுவிலும் ஐந்து பண்பெண்கள் இருத்தல் வேண்டும். ஐந்தும் இருந்தன. மூன்று எண்களின் களத்தில் அவற்றின் அளவுகள் 1, 15, 15, 24, 81.

ஆனால் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க ஆறாவது ஒன்றும் இருந்தது. அதன் அளவு 6. களத்தின் அளவில் ஒன்றைக் குறைத்து வர்க்கமாக்கி, களத்தின் அளவால் பெருக்கிப் பாதியாக்கினால் இவ்வெண் வரும். ஐந்து எண்களின் களத்தில் அது 40. ஏழு எண்களின் களத்தில் 126. வைல் குலத்தின் ஐந்து வரிகளுள் எதற்கும் இது பொருந்தவில்லை. சிறிய உட்குலங்களிலிருந்து உயர்த்தி இதனைப் பெறவும் இயலாது. தன் கால்களில் தானே நிற்கும் வரி இது. தம் கட்டுரையில் அவர் பண்பெண்களுக்குக் கிரேக்க எழுத்துகளையும் வரிசை எண்களையும் இட்டிருந்தார். இதற்கு வாய்த்த குறி தீட்டா 10. சிறப்புப் பெயர் ஒன்றும் சூட்டப்பெறவில்லை. பட்டியலில் அதன் இடமே அதன் பெயராயிற்று.

உட்குலங்களிலிருந்து பிறவாத இத்தகைய பண்பெண்களைக் கஸ்பிடல் என்பர். எல்லாப் பண்பெண்களுக்கும் மூலமாக நிற்பவை இவையே என்ற நோக்கினை வளர்த்தவர் ஹரிஷ் சந்திரா. அவரும் இப்பகுதிக்கு முற்றிலும் அயலானவர் அல்லர். 1943-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்கு வந்து, ஹோமி பாபாவிடம் ஈராண்டுகள் பயின்று, அங்கிருந்தே கேம்பிரிட்ஜ் சென்றவர். முடிவில்லாத குலங்களுக்கென அவர் வகுத்த எண்ணங்கள், முடிவுறு குலங்களுக்கும் பொருந்துவனவாயின.

கணித ஆராய்ச்சியில் ஓர் ஒழுங்கு தென்பட்டபின், அதற்குப் பொருந்தாத ஒன்று எதிர்ப்படுமாயின் இரு வழிகள் உண்டு. சிறு குலம் ஒன்றின் வேடிக்கை என்று அதனை ஒதுக்கிவிடலாம். அல்லது, உள்ளது உள்ளவாறே எழுதி, பிறர் கண்ணுக்கும் கருத்துக்கும் விட்டுவைக்கலாம். அட்டவணை அமைப்பவரின் நேர்மை இரண்டாவது வழியில் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டுக் கட்டுரையில் தீட்டா 10 தன் மதிப்புகள் அனைத்துடனும் எழுதப்பெற்றது. அது வீண் போகவில்லை.

எட்டாண்டுகள் கழிந்தன. 1976-இல் பியேர் டெலீன், ஜார்ஜ் லூஸ்டிக் என்னும் இருவர், முடிவுறு களத்தின்மேல் அமைந்த வடிவங்களின் ஆழ்ந்த வடிவியலைப் பயன்படுத்தி, இவ்வகை அணிக்குலங்கள் அனைத்தின் பண்பெண்களையும் ஒருங்கே பெறும் வழியை வெளியிட்டனர். நாம் அடிப்படைக் குழு என்று சொல்லி வந்ததற்கு யூனிபொடென்ட் பண்பெண்கள் என்ற பெயரும் தெளிவான வரையறையும் அப்போது கிடைத்தன. அவ்வரையறையின்படி நோக்கினால் சிம்ப்ளெக்டிக் குலத்திற்கு அவை ஆறு. ஐந்தல்ல; ஆறே. தீட்டா 10 உரிமையுடன் அவற்றுள் ஒன்றாக அமர்ந்தது.

மறு ஆண்டில் லூஸ்டிக் மேலும் ஒரு வினாவுக்கு விடை கண்டார். யூனிபொடென்டாகவும் கஸ்பிடலாகவும் ஒருசேர இருக்கும் பண்பெண் எந்தெந்தச் சிம்ப்ளெக்டிக் குலங்களில் உண்டு? விடை வியப்பூட்டுவது. ஒன்றையும் இரண்டையும் பெருக்கி இரட்டியுங்கள்: 4. இரண்டையும் மூன்றையும் பெருக்கி இரட்டியுங்கள்: 12. மூன்றையும் நான்கையும் பெருக்கி இரட்டியுங்கள்: 24. இப்படியே செல்லும் பரிமாணங்களில் மட்டும் அத்தகைய பண்பெண் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. இடைப்பட்ட பரிமாணங்களில் இல்லவே இல்லை. நான்காம் பரிமாணத்தில் நின்ற தீட்டா 10 இவ்வாறு ஒரு முடிவில்லா வரிசையின் முதல் உறுப்பாயிற்று. விதிவிலக்கு என்று தோன்றியது, அதனினும் விரிந்த விதியொன்றின் தொடக்கமாக நின்றது. அந்த விதியின் அடுத்த சான்று பன்னிரண்டாம் பரிமாணத்தில் இருந்தது. அவ்வளவு பெரிய குலத்தின் அட்டவணையைக் கையால் எழுதித் தற்செயலாக அதனைக் கண்டிருக்க எவராலும் இயலாது. நான்காம் பரிமாணத்து அட்டவணை ஒன்றே அதனை முன்கூட்டிச் சுட்டியது.

இவ்வரலாற்றில் இராமானுஜன் பெயரும் மற்றொரு முறை வருகிறது. மைசூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்ற அதே 1916-ஆம் ஆண்டில், இராமானுஜன் ஓர் எண்வரிசையின் மதிப்புகள் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டா என்று ஊகித்தார். அவ்வூகத்தை 1974-இல் நிறுவியவர் மேற்சொன்ன டெலீனே. அதற்கிடையில், அந்த ஊகத்தைப் பலவகைக் குலங்களுக்கும் விரித்துக் கூறும் பொது ஊகம் ஒன்று வழக்கிற்கு வந்திருந்தது. 1979-இல் ரோஜர் ஹோவும் பியாடெட்ஸ்கி ஷபீரோவும் தீட்டா 10-ஐ அடிப்படையாகக் கொண்டு, அந்தப் பொது ஊகம் சிம்ப்ளெக்டிக் குலத்தில் அவ்வாறே நில்லாது என்பதற்கு எதிர்ச்சான்றுகளை அமைத்துக் காட்டினர். இராமானுஜன் பெயர் தாங்கிய நிலையத்தில் பணிபுரிந்தவரின் அட்டவணையிலிருந்து, இராமானுஜன் பெயர் தாங்கிய ஊகத்தின் எல்லை தெரிய வந்தது. இராமானுஜனின் சொந்த ஊகத்திற்கு இதனால் இழுக்கில்லை. அதனை எவ்வளவு தூரம் விரிக்கலாம் என்ற அளவே தெளிவாயிற்று.

பாமா ஸ்ரீநிவாசன் 1970-இல் அமெரிக்கா சென்று கிளார்க் பல்கலைக்கழகத்திலும், 1980 முதல் சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் பணிபுரிந்தார். வடிவியல் வழியே வந்த புதுமுறைகளை எல்லோரும் அறியத் தொகுத்து 1979-இல் நூல் ஒன்று வெளியிட்டார். மான்செஸ்டரில் மாணவியாக இருந்தபோது அவர் எடுத்துக்கொண்ட பொருள் வேறொன்று. ஒரு பகா எண்ணைத் தேர்ந்து, அதன் மடங்குகளையெல்லாம் சுழியாகக் கருதினால், அட்டவணையில் தனித்தனியே நின்ற வரிகள் சில ஒன்றோடொன்று உறவு பூண்டு கூட்டங்களாகப் பிரியும். ரிச்சர்டு பிரௌவர் என்ற அறிஞர் வகுத்த இக்கூட்டங்களைப் பிளாக்குகள் என்பர். புதிய வடிவியலின் துணைகொண்டு அவர் அப்பழைய பொருளுக்கே திரும்பினார். பால் பாங் என்பவருடன் சேர்ந்து, 1982-இல் பொது நேரியல் குலங்களுக்கும், 1989-இல் சிம்ப்ளெக்டிக் முதலான குலங்களுக்கும், இக்கூட்டங்கள் எவ்வாறு அமைகின்றன என்பதை விளக்கினார். இளமையில் எழுந்த வினாவுக்குக் கால் நூற்றாண்டின் பின்னர்த் தக்க கருவி வந்து சேர்ந்தது எனலாம்.

1981 முதல் 1983 வரை அமெரிக்காவில் மகளிர் கணிதச் சங்கத்தின் தலைவராக அவர் இருந்தார். அப்போதுதான், 1982-இல், எம்மி நோயெதரின் நூற்றாண்டு விழா வந்தது. இன்றைய இயற்கணிதத்திற்கு உருவம் தந்த பெண்மணி நோயெதர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் ஊதியமின்றியும், ஹில்பெர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பெற்ற வகுப்புகளிலும் பாடம் சொன்னவர். 1933-இல் நாஜி அரசால் விலக்கப்பெற்று, அமெரிக்காவில் பிரின் மார் என்னும் மகளிர் கல்லூரியில் அடைக்கலம் புகுந்து, 1935-இல் அங்கேயே மறைந்தார். அதே ஆண்டில்தான் சென்னையில் பாமா ஸ்ரீநிவாசன் பிறந்தார். அந்தப் பிரின் மாரிலேயே நூற்றாண்டுக் கருத்தரங்கு கூடியது. அங்கு நிகழ்ந்த உரைகளை ஜூடித் சாலியுடன் சேர்ந்து தொகுத்து நூலாக்கியவரும் பாமா ஸ்ரீநிவாசனே. 1990-இல் நோயெதர் பெயரால் அமைந்த சொற்பொழிவை ஆற்றும் பெருமை அவருக்கு வாய்த்தது. முடிவுறு குலக் கொள்கையினுள் வடிவியல் படையெடுத்து வந்த வரலாறே அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு. தாம் கையால் கணக்கிட்ட துறையினுள் வேறொரு கலை புகுந்து, தம் அட்டவணைக்கும் புதுப்பொருள் கற்பித்ததை உடனிருந்து கண்ட ஒருவர், அதனைப் பிறர்க்கு எடுத்துரைத்தது மிகவும் பொருத்தமன்றோ?

இத்தகைய ஆராய்ச்சியால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். கேட்பது தவறன்று. சமச்சீரை ஆராயும் கணிதம் பௌதிகத்திற்கும் வேதியியலுக்கும் கைகொடுக்கிறது. முடிவுறு களங்களின் கணக்கு, செய்திகளைப் பிழையின்றி அனுப்பவும் மறைத்து அனுப்பவும் உதவுகிறது. ஆனால் தீட்டா 10-ஐ எழுதும்போது எழுதியவர் கையில் இப்பயன்களின் பட்டியல் இருக்கவில்லை. அட்டவணை முழுமை பெற வேண்டும், கணக்குச் சரியாக வர வேண்டும் என்ற கடப்பாடு ஒன்றே அங்குப் பேசிற்று. ஐந்து வரிகளோடு நின்றிருந்தால் அட்டவணை ஒழுங்காகத் தோன்றியிருக்கும். ஆனால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை குறைந்திருக்கும். ஐந்தொகை ஒத்துவராத கணக்கை மூடிவைக்க நல்ல கணக்கர் உடன்படார்.

நம் இளைஞருள் கணிதம் பயில்வோர், குறிப்பாகப் பெண்கள், இவ்வரலாற்றில் ஒன்றை நினைவிற் கொள்ளலாம். பெரிய கொள்கைகள் பிறப்பதற்கு முன்னரே, அவற்றிற்கு வேண்டிய உண்மைகளை ஒருவர் எங்கேனும் அமர்ந்து பொறுமையுடன் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. 1968-இல் வெளிவந்த அந்த அட்டவணையில் தீட்டா 10 அவ்வாறு எழுதிவைக்கப்பெற்றது.

அடுத்த முறை ஜகன்மோகன அரண்மனைக்குச் செல்லும்போது, மன்னர் விரும்பிய ஆட்டப் பலகைகளின் முன் சற்றே நில்லுங்கள். குதிரை நிற்கும் கட்டத்தைச் சுற்றி இடம் இருக்குமாயின், அது தாவக்கூடிய கட்டங்கள் எட்டு. குதிரை நிற்கும் இடத்தையே நடுவாகக் கொண்டு திருப்பியும் புரட்டியும் பார்த்தால், ஒரு தாவலை மற்றெந்தத் தாவலாகவும் மாற்றச் சரியாக ஒரே செயல்தான் உண்டு. எட்டுத் தாவல், எட்டுச் செயல். வீட்டிற்கு வந்து ஒரு காகிதத்தில் அவ்வெட்டையும் எழுதி, எவையேனும் இரண்டைச் சேர்த்தால் எது வரும் என்று ஒரு வாய்பாடு அமைத்துப் பாருங்கள். அறுபத்து நான்கு இடங்கள் கொண்ட வாய்பாடு அது. சதுரங்கப் பலகையைப் போலவே. அதனை முடிப்பவர்கள் குலக் கணிதத்தின் வாயிலைக் கடந்து உள்ளே வந்துவிட்டார்கள் என்று கொள்ளலாம்.